வெள்ள எச்சரிக்கை லிஸ்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சைக்கிள்: வடசென்னையில் ஆற்றங்கரை ஓட்டம் எங்கே?

தண்டையார்பேட்டை_ட்யூப் | வியாழன், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். வயசு 43. "முட்டி தேயுது, ஓடாதீங்க, சைக்கிள் மிதிங்க"ன்னு டாக்டர் சொன்னதால போன வருஷம் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஒரு குரூப்புல சேர்ந்து நாலு வாரம் ஈ.சி.ஆர். போனேன். மூணே முக்காலுக்கு எழுந்து, ஊரையே குறுக்கே தாண்டி திருவான்மியூர் போய், அங்கேருந்து முப்பது கி.மீ. வேகத்துல முன்னாடி போறவர் பின் டயரை மட்டும் பார்த்துக்கிட்டே மிதிக்கணும். கடல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னுகூட ஞாபகம் இல்ல.

எனக்கு வேணும்கிறது வேற. மெதுவா போகணும். நினைச்ச இடத்துல இறங்கணும். பக்கத்துலயே ஒரு ஆறோ ஏரியோ கூட வரணும். டீக்கடை பெஞ்சுல பத்து நிமிஷம் உக்காரணும். பதினோரு மணிக்குள்ள வீடு. நம்ம பக்கத்துலயே அப்படி ஏதாவது இருக்கா?

ஈசிஆர்_எக்ஸ்பிரஸ் | வியாழன், இரவு 11.05

வடசென்னையில ஆறா? எண்ணூர் கழிமுகத்தைச் சொல்றீங்களா? ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் எண்ணெய், நடுவுல ட்ரெய்லர். உயிர் மேல ஆசை இருந்தா தெற்கே வாங்க பாஸ். முட்டுக்காடு, கோவளம், அப்படியே உள்ளே திருப்போரூர்.

மீஞ்சூர்வாசி | வெள்ளி, காலை 6.15

ஈசிஆர் தம்பி, கழிமுகம் ஆற்றோட கடைசி வீடு. அதைப் பார்த்துட்டு முழு ஆற்றையும் எடை போடக்கூடாது.

ட்யூப் சார், உங்களுக்கு ஒரு மேப் சொல்றேன். ஒவ்வொரு மழைக்காலத்துலயும் பூண்டி ஏரியைத் திறக்கும்போது பேப்பர்ல "கரையோர கிராம மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை"ன்னு போட்டு ஒரு ஊர் வரிசை வருமே, படிச்சிருக்கீங்களா? தாமரைப்பாக்கம், திருக்கண்டலம், ஜெகநாதபுரம், வன்னிப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், இடையான்சாவடி, மணலி புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர். நாங்க சின்ன வயசுல அதைப் பாட்டு மாதிரி ஒப்பிப்போம். அது கொசஸ்தலை ஆற்றோட கரையேதான், மேலேருந்து கீழே. நீங்க அதைக் கீழேருந்து மேலே படிங்க. அதுதான் உங்க ரூட்.

மணலி புதுநகர் வரைக்கும் ரசிக்க ஒண்ணும் இல்ல, உண்மையைச் சொல்லிடறேன். கண்டெய்னர் ட்ரெய்லர் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலகூட ஓயாது. அஞ்சரைக்கு முன்னாடி அந்த ரோட்டைத் தாண்டிடுங்க, இல்லேன்னா சைக்கிளை ஏதாவது வண்டியில ஏத்திக்கிட்டு புதுநகர் வந்து இறக்குங்க. அய்யா வைகுண்டர் தர்மபதி தாண்டி நாப்பாளையம் பாலம் வரும். பாலத்து மேல ஏறி நின்னு மேற்கே பாருங்க. அங்கேருந்து ஊர் மாறிடும்.

பாலத்துக்குக் கீழே இறங்கி வெள்ளிவாயல் பக்கம் போனா தார் ரோடு கொஞ்சம், மண் பாதை கொஞ்சம், சில இடத்துல கரை மேலயே போகலாம், சில இடத்துல ஆற்றை விட்டு விலகி வயலுக்கு நடுவுல போகணும். ஒரே நீளமா ஆற்றங்கரைப் பாதைன்னு எவனும் போட்டு வைக்கல. கேட்டுக் கேட்டுத்தான் போகணும். சீமாவரம் வரைக்கும் போங்க. வல்லூர் அணைக்கட்டு அந்தப் பக்கம்தான். இப்ப தை மாசம், தண்ணி இருக்கும்.

பழைய_ஹெர்குலிஸ் | வெள்ளி, காலை 9.30

எனக்கு வயது 74. நடமாட்டம் இப்போது வீட்டுக்கும் பெருமாள் கோயிலுக்கும்தான். ஆனாலும் இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, ஆற்றங்கரைப் பாதை எங்கே என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்று இருந்தது, பக்கிங்காம் கால்வாய்க் கரை. 1800-களின் தொடக்கத்தில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் தோண்ட ஆரம்பித்தது. 1876 – 78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் விட்டு இன்னும் நீட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஆந்திரத்தில் பெத்தகஞ்சாமிலிருந்து இங்கே மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல்.

நான் பையனாக இருந்தபோது கொருக்குப்பேட்டைப் பக்கம் படகுகள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சவுக்குக் கட்டை, உப்பு, பழவேற்காட்டுப் பக்கத்துச் சுண்ணாம்புக் கிளிஞ்சல். காற்று இருந்தால் பாய். காற்று இல்லாவிட்டால் இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக் கரையோடு நடந்து இழுப்பார்கள். இழுக்கிறவன் தடுக்கி விழக்கூடாது என்பதற்காகவே கரையைச் சமமாக வைத்திருப்பார்கள். அந்தக் கரையில்தான் என் அப்பாவின் ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்டேன். 1965, 66 புயல்களில் கால்வாய் சேதமாயிற்று, லாரி வந்தது, படகு போயிற்று. படகு போனதும் கரையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவ்வளவுதான் கதை.

கரை வேண்டும் என்றால் கரையில் யாருக்காவது வேலை இருக்க வேண்டும்.

ஒற்றியூர்க்காரி | வெள்ளி, மதியம் 1.50

ஹெர்குலிஸ் ஐயா, இன்னும் எழுதுங்க.

ட்யூப் அண்ணா, நான் தனியாத்தான் ஓட்டறேன், ரெண்டு வருஷமா. லேடீஸ் சைக்கிள், முன்னாடி கூடை, கியர் கிடையாது. மீஞ்சூர்வாசி சொன்ன ரூட்ல வெள்ளிவாயல் வரைக்கும் போயிருக்கேன். பயம்னு எதுவும் இல்ல, ஆனா விடியறதுக்கு முன்னாடி கரைப் பாதையில இறங்க மாட்டேன். வெளிச்சம் வர்ற வரைக்கும் பாலத்துக்கிட்ட இருக்கிற டீக்கடையில நிப்பேன். கடைக்காரம்மாவுக்கு என்னைத் தெரியும். "எட்டரைக்குள்ள திரும்பி வரலேன்னா ஆள் அனுப்புவேன்"னு சொல்லித்தான் அனுப்புவாங்க. இந்த மாதிரி ஒரு டீக்கடையை முதல்ல பிடிங்க. மேப் அப்புறம். பாத்ரூம் விஷயமும் அதேதான். ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியாவே தோணாது, எங்களுக்கு ரூட்டே அதை வச்சுத்தான்.

இன்னொண்ணு. செங்குன்றம் பக்கம் ஞாயிறுன்னு ஒரு ஊர் இருக்கு. சங்கிலி நாச்சியார் பிறந்த ஊர். எங்க ஒற்றியூர் மகிழ மரத்தடியில சுந்தரர் "உன்னைப் பிரிய மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு, அதை மீறி ஊரை விட்டுப் போனதும் கண்ணை இழந்தாரே, அந்தச் சங்கிலியார்தான். பொங்கல் லீவுல எங்க கோயில் வாசல்லேருந்து அவங்க பிறந்த ஊருக்கு மிதிச்சுப் போனேன். மாமியார் வீட்டுலேருந்து தாய் வீட்டுக்குப் போற மாதிரி இருந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிறுக்குப் போனேன்னு சொன்னா வீட்டுல சிரிக்கறாங்க.

ஈசிஆர்_எக்ஸ்பிரஸ் | வெள்ளி, மாலை 5.20

சரி, வயல் இருக்கு, ஒத்துக்கறேன். எண்ணூர் நாத்தத்தை மட்டும் யாரும் பேச மாட்டேங்கறீங்களே?

காட்டுக்குப்பம்_பையன் | வெள்ளி, இரவு 8.10

நான் பேசறேன். எங்க ஊரு அது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து ஆத்துல படிஞ்சப்போ எங்க அப்பா வலையைக் கொளுத்தத்தான் வேண்டியிருந்துச்சு, கழுவி எடுக்க முடியல. நீ மூக்கைப் பொத்திக்கிட்டு பைக்ல போன அதே ஆத்துலதான் இப்பவும் இறால் வருது. சடையான்குப்பம் பக்கம் ஒருநாள் காலையில வந்து பாரு. இருளர் அக்காங்க இடுப்பளவு தண்ணியில இறங்கி, ஓலையில முடைஞ்ச பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவி இறால் பிடிப்பாங்க. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கையில பட்டதும் பறிக்குள்ள. தலையை ஆட்டாம, வாயைத் திறக்காம மூணு மணி நேரம்.

வாங்க, பாருங்க. ஆனா கேக்காம போட்டோ எடுக்காதீங்க. போன மாசம் ஒரு சைக்கிள் கோஷ்டி ஹெல்மெட்ல கேமராவை மாட்டிக்கிட்டு தண்ணியில நிக்கறவங்களை எடுத்துட்டுப் போச்சு. அதுல எங்க சித்தியும் இருந்தாங்க. துணி நனைஞ்சு நிக்கற பொம்பளைங்களை எவன் வீட்டுல எடுப்பான்?

ஈசிஆர்_எக்ஸ்பிரஸ் | வெள்ளி, இரவு 8.45

தப்புதான் ப்ரோ. நான் சொன்ன விதம் சரியில்ல. மன்னிச்சிடு.

மீஞ்சூர்வாசி | வெள்ளி, இரவு 9.30

பையன் சொன்னது மேலே கிராமங்களுக்கும் பொருந்தும். கரையில குளிப்பாங்க, துணி துவைப்பாங்க. தூரத்துலேயே மணி அடிச்சிட்டு, பார்வையை ரோட்டுல வச்சுக்கிட்டுப் போங்க. வரப்புல ஏத்தாதீங்க, வரப்பு உடைஞ்சா ஒரு மடைத் தண்ணி போச்சு. இப்ப அறுவடை நேரம், தார் ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல் காயும். அதுல டயரை விட்டீங்கன்னா என்ன திட்டு விழும்னு நான் இங்கே எழுத முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில இந்த ரூட்டுக்கே வராதீங்க. மேலே சொன்ன லிஸ்ட் பேப்பர்ல வந்துச்சுன்னா அன்னிக்கு ஆறு ஆறா இருக்காது. 2015-லயும் 2023-லயும் மணலி புதுநகர்ல வீட்டுக்குள்ள படகு போச்சு.

தண்டையார்பேட்டை_ட்யூப் | ஞாயிறு, மதியம் 2.30

போயிட்டு வந்தேன். வந்தேன்னு சொல்றதைவிட கொண்டு வந்து சேர்த்தாங்கன்னு சொல்லலாம். முதல்லேருந்து சொல்றேன்.

நாலே முக்காலுக்குக் கிளம்பி, அஞ்சே முக்காலுக்கு நாப்பாளையம் பாலம். கீழே தண்ணி தெரியல, பனி மட்டும்தான். கிழக்கே திரும்பினா அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்ல சிவப்பு விளக்கு, மேற்கே திரும்பினா ஒண்ணுமே இல்ல, ஒரு நாய் குரைக்கற சத்தம் மட்டும். ஒற்றியூர்க்காரி சொன்ன டீக்கடையைக் கண்டுபிடிச்சேன்னு நினைக்கறேன். "அந்தக் கூடை வச்ச சைக்கிள் பொண்ணு அனுப்பிச்சுதா?"ன்னு கேட்டாங்க.

வெளிச்சம் வந்ததும் இறங்கினேன். முதல் அரைமணி நேரம் பழக்க தோஷத்துல வேகமாவே மிதிச்சேன். அப்புறம் ஒரு மாட்டு மந்தை எதிர்ல வந்துச்சு, இறங்கித்தான் ஆகணும். இறங்கினப்போதான் பக்கத்துலயே ஆறு இருக்கறது தெரிஞ்சுது. நாணலுக்கு நடுவுல நெடுங்கால் உள்ளான் ஏழெட்டு, குச்சி மாதிரி சிவப்புக் கால். கொஞ்சம் தள்ளி மஞ்சள் மூக்கு நாரை ரெண்டு, வாயைத் தண்ணிக்குள்ள பாதி திறந்து வச்சுக்கிட்டு அசையாம நிக்குது. ஏதாவது தட்டினா டக்குனு மூடிக்குது. அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். மாடு போய் ரொம்ப நேரம் ஆச்சு.

அப்புறம் பாதி தூரம் தள்ளிக்கிட்டேதான் போனேன். இருபது கி.மீ.க்கு நாலு மணி நேரம். குரூப்புல சொன்னா சிரிப்பாங்க.

வல்லூர் அணைக்கட்டுல தண்ணி மெல்லிசா வழியுது. அங்கே வலை வீசிக்கிட்டிருந்த பெரியவர்கிட்ட அணை எதுக்குன்னு கேட்டேன். "கீழே இருக்கறது கடல் தண்ணி, மேலே இருக்கறது நம்ம தண்ணி. நடுவுல இது"ன்னார். மீஞ்சூர்ப் பக்கம் கிணறெல்லாம் உப்பாகிட்டது எனக்குத் தெரியும். காட்டுப்பள்ளியில கடல் நீரைக் குடிநீராக்கற ஆலை 2010-லேருந்து ஓடுதுன்னும் தெரியும், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், அந்தத் தண்ணியை நான்தான் குடிக்கறேன். ஆனா உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் நடுவுல இருக்கற கோட்டைக் கண்ணால பார்த்தது இன்னிக்குத்தான்.

சோகம் திரும்பும்போது. கரையில இறங்கி நூறு மீட்டர் போயிருப்பேன், பின் சக்கரம் தொளதொளன்னு ஆடுது. சீமைக்கருவேல முள். ஒரு இன்ச்சுக்கு மேல நீளம், டயருக்குள்ள முழுசா போய் உடைஞ்சிருக்கு. மாத்து ட்யூப் கிடையாது. பேரு மட்டும் ட்யூப்.

ரெண்டு கி.மீ. தள்ளிக்கிட்டுப் போனா ஒரு புளியமரத்தடியில சைக்கிள் கடை. தாத்தா ட்யூபை உருவி, பேசின் தண்ணியில முக்கி, குமிழி வந்த இடத்துல காப்பிங் பென்சில்ல வட்டம் போட்டார். உரசினார், சொல்யூஷன் தடவினார், ஊதினார், ஒட்டினார். அதோட விடல. பழைய காட்டன் துணியை டயர் உள்பக்கமா சுத்தி இழுத்தார். ரெண்டு இடத்துல துணி மாட்டுச்சு. மாட்டின இடத்துல ஒவ்வொரு முள் நுனி. "இதை எடுக்காம ட்யூபை மாத்தினா பத்து ட்யூப் மாத்தணும்"னார்.

எல்லாம் சரி. காத்து அடிக்கப் போனா பம்ப் மாட்டலை! என்னோடது மெல்லிசா, நீளமா இருக்கற வால்வு. தாத்தாகிட்ட இருக்கறது நம்ம ஊரு சைக்கிள் பம்ப். அவர் அரைமணி நேரம் என்னென்னமோ பண்ணிப் பார்த்தார். கடைசியில வைக்கோல் ஏத்திக்கிட்டு மணலி போற குட்டியானை வண்டியை (சின்ன லோடு வேன்) நிறுத்தி, சைக்கிளோட என்னையும் மேல ஏத்தி விட்டார். பஞ்சருக்குக் காசு வாங்கிக்கல. "ஓடாத வண்டிக்குக் காசு வாங்கினா தொழில் ஓடாது"ன்னுட்டார். இன்னும் உடம்பெல்லாம் அரிக்குது.

ஒற்றியூர்க்காரி | ஞாயிறு, மதியம் 3.05

வைக்கோல்ல வந்தீங்களா! டீக்கடையம்மா சொல்லியிருந்தா நானே நேர்ல வந்து பார்த்திருப்பேன். இதுக்குத்தான் நான் சாதா சைக்கிளை விடறதில்ல. வால்வுல மாட்டற ரப்பர் வால் ட்யூப் போனாலும் எந்த ஊருப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும்.

பழைய_ஹெர்குலிஸ் | ஞாயிறு, மாலை 4.40

அம்மாடி, அது சரியான பேச்சு. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சைக்கிள் எட்டியது. அன்று வந்த வண்டியின் வால்வுக்கும் இன்று கிராமத்துக் கடையில் இருக்கும் பம்புக்கும் வித்தியாசம் கிடையாது.

கியர்_கிறுக்கன் | ஞாயிறு, இரவு 7.15

ட்யூப் சார், சைக்கிளை மாத்த வேண்டாம். அந்த மெல்லிசு வால்வு மேல திருகி மாட்டற பித்தளை மூடி ஒண்ணு இருக்கு, ஒரு டீ, ஒரு வடை விலைதான். முதல்ல வால்வு நுனியில இருக்கற குட்டி நட்டைத் தளர்த்தணும், அப்புறம் மூடியை மாட்டணும். மாட்டினா பெட்ரோல் பங்க்ல பைக்குக்கு அடிக்கற காத்தையே அடிக்கலாம். ஆனா பங்க்ல ஜாக்கிரதை, ரெண்டு செகண்டுக்கு மேல பிடிச்சா ட்யூப் வெடிச்சிடும். சாதா சைக்கிள் பம்போட வாய் வேற மாதிரி, அதுக்கு இந்த மூடி போதாது. அதனால சைக்கிள் ஃபிரேம்ல மாட்டற கைப் பம்ப் ஒண்ணு, மாத்து ட்யூப் ரெண்டு. முள்ளுக்காட்டுல ஒண்ணு பத்தாது. டயரும் மெல்லிசா இருந்தா மாத்துங்க. 28 எம்.எம். டயர் ஈ.சி.ஆருக்கு. மண் கரைக்குக் குறைஞ்சது 40.

காத்தையும் கணக்குப் பண்ணுங்க. ஒன்பதரை, பத்துக்கு மேல கடல் காத்து கிளம்பும். சீமாவரத்துலேருந்து மணலி வரணும்னா கிழக்கே பாத்துத்தான் வரணும், நேரா மூஞ்சியில அடிக்கும். போகும்போது களைச்சுட்டா திரும்பி வரமுடியாது. தெம்புல பாதிக்கு மேல திரும்பறதுக்கு வச்சுக்கணும்.

ஈசிஆர்_எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, இரவு 9.00

என்கிட்ட அந்த மூடி நாலு இருக்கு. ஒண்ணு தரேன். எங்க வந்து தரணும்?

மீஞ்சூர்வாசி | ஞாயிறு, இரவு 9.25

ஆஹா, தெற்கே இருந்து ஆள் வருது. புழல் ஏரி, சோழவரம் ஏரின்னு யாராவது சொல்லி இவரைக் குழப்பாதீங்க. அது குடிக்கற தண்ணி, கரை மேல ஏறினா காவலுக்கு இருக்கறவர் இறக்கி விட்டுடுவார். லிஸ்ட்டோட மேல் பாதி இன்னும் பாக்கி இருக்கு. காரனோடை பாலத்துலேருந்து தொடங்கி மேற்கே, ஜெகநாதபுரம் வழியா திருக்கண்டலம். அங்கே சிவன் கோயில் இருக்கு, சம்பந்தர் பாடின திருக்கள்ளில். ஆத்தங்கரையிலேயேதான். அதுக்கும் மேல தாமரைப்பாக்கம் அணைக்கட்டு. பூண்டி வேண்டாம், அது இன்னொரு நாள் கூத்து. 1944-ல கட்டி முடிச்ச ஏரி, சத்தியமூர்த்தி பேர்ல இருக்கு. அவர் அதைப் பாக்காமலேயே போயிட்டார். நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

தண்டையார்பேட்டை_ட்யூப் | ஞாயிறு, இரவு 10.10

வர்ற ஞாயிறு, காலை 5.30, காரனோடை பாலத்துக்கு இந்தப் பக்கம். இருபத்தஞ்சு கி.மீ.க்கு மேல யாரும் கணக்குப் பண்ணாதீங்க. கேமரா பைக்குள்ள இருக்கணும். மாத்து ட்யூப் ரெண்டு வாங்கிட்டேன்.

புளியமரத்தடி தாத்தாவுக்கு அந்த மெல்லிசு வால்வுக்குப் பொருந்தற கால் பம்ப் ஒண்ணு வாங்கிட்டுப் போலாம்னு இருக்கேன். அடுத்த கியர் சைக்கிள்காரன் வருவான்ல. விலை ஐந்நூறு, அறுநூறு சொல்றாங்க. யாராவது பங்கு போடறீங்களா?

காட்டுக்குப்பம்_பையன் | ஞாயிறு, இரவு 10.25

நான் ஐம்பது. காரனோடைக்கு என்னால வர முடியாது, ஞாயித்துக்கிழமை காலையில மார்க்கெட். அதுக்கு அடுத்த வாரம் கீழே வாங்க, முகத்துவாரத்துல நிக்கறேன். அப்பா படகுல சைக்கிளை ஏத்த முடியுமான்னு கேட்டு வைக்கறேன்.

ஒற்றியூர்க்காரி | ஞாயிறு, இரவு 10.31

நான் நூறு. காரனோடையில டீக்கடை எங்கே இருக்குன்னு யாராவது முன்னாடியே சொல்லுங்க.